வியாழக்கிழமை வந்துவிடும்

ஐம்பத்திரண்டு வயதில் இணையப் பக்கத்தைக் கொண்டுவந்து தலையில் கட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? முப்பது வருடமாக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில் உட்காரும் அக்காவுக்கும் வந்தது.

"படம் போடுங்க, கேள்வி கேட்டா பதில் போடுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நூலகர் கூட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்கென்ன, வாய் வலிக்கவா போகிறது?

முதலில் படத்துக்குச் சம்மதித்தவள் ஜன்னலோரம் உட்காரும் தையல்காரி. அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி இந்த ஊருக்கு வந்து நாலு மாதம்.

"மூஞ்சி, பேரு எதுவும் வரக்கூடாதுக்கா. அவன் கண்ணுல பட்டா என்னைக் கொன்னே போட்டுடுவான்."

அக்கா என்ன விவரம் கெட்டவளா? உறுப்பினர் படிவத்திலேயே அவளுடைய முகவரியையும் போன் நம்பரையும் வேண்டுமென்றே காலியாக விட்டவள். தையல் புத்தகத்தைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்துப் போட்டாள். நாற்பது லைக்! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் படத்துக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தப் புத்தகம் எப்போ வரும்?"

வாசகர் கேட்டால் அன்றே பதில் சொல்லிவிடுவது அக்காவின் பழக்கம். பதிவேட்டைப் பார்த்தாள். "வெளியே போயிருக்கிறது ஐயா. வியாழக்கிழமை காலை வந்துவிடும்" என்று தட்டினாள். தையல்காரி ஒரு நாளும் தவணை தப்பாதவள்.

வியாழக்கிழமை கதவைத் திறந்ததுமே ஒருவன் மேஜை முன் வந்து நின்றான். பேச்சில் அப்படியொரு பணிவு.

"தையல் புத்தகம் கேட்டிருந்தேனே மேடம், வந்துடுச்சா?"

"இன்னும் வரல சார். வேற ஒண்ணு தரட்டுமா?"

"வேணாம், அதுதான் வேணும். நாலு மாசமா ஒவ்வொரு லைப்ரரி பக்கமா தேடிட்டிருந்தேன். அவளால படிக்காம இருக்க முடியாது." சிரித்தான். "படத்துல பார்த்தேன், மணிக்கட்டுல அந்தக் காயம் ஆறித் தழும்பாயிடுச்சு போல. ஆறாதுன்னுல்ல நெனச்சேன்."

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன்! அக்கா போனை எடுத்தாள். தையல்காரியின் நம்பர் இருந்தால்தானே கூப்பிட? போலீஸ் வந்து சேர அரை மணியாவது ஆகும்.

"சார், அந்தப் புத்தகம் தொலைஞ்சுபோச்சாம். இனிமே வராது." முப்பது வருடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய்.

"வரும் மேடம். நீங்கதானே சொன்னீங்க?"

நாற்காலியை வாசல் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். மணி பத்து இருபது. தையல்காரி பத்தரைக்கு வந்துவிடுவாள்.