டோறினிடம் கேட்ட கேள்வி

பென்ரோஸில் இருக்கும் அந்தத் துவக்குக் கடைக்கு டோறின் விரும்பிப் போகவில்லை. வின்சென்ற் வா என்றார், போனாள். அவளுடைய கூறைச்சேலை எடுக்கப் போன அன்றுகூட மனுஷன் கடையில் இவ்வளவு நேரம் நின்றதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ரிவோல்வர்களில் மூன்றை வெளியே எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் வேலை செய்த சந்தீப் கோயம்புத்தூர்ப் பையன். துவக்கைப் பற்றித் தமிழில் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் வின்சென்றுக்குத் தலைகால் புரியவில்லை.

"தம்பி, பண்டி ஒரு வெடியிலை விழவேணும். காயத்தோடை ஓடவிட்டா அது பாவம். எது சரிவரும்?"

"முந்நூத்தம்பத்தேழு குண்டே போதும்னு சில பேரு சொல்வாங்கண்ணே. பெரிய ஆண் பன்னிக்கு அது பத்தாது. நாப்பத்திநாலு மேக்னம் எடுங்க. அதுக்கும் மேல இருக்கு, ஆனா அது உதைக்கிற உதையில ரெண்டாவது குண்டுக்கே நீங்க கண்ண மூடிருவீங்க. கண்ண மூடிட்டுச் சுடுறவருக்கு எவ்வளவு பவர் இருந்து என்ன?"

"குழல்?"

"நீளமானதே எடுங்க, ஏழரை இஞ்ச். வெயிட்டா இருக்கும். அந்த வெயிட்தான் உதைய வாங்கிக்கும், குறி பாக்கவும் சுலபம். ஒண்ணு தெரியும்ல? இந்த நாட்டுல இத வச்சு ஒரு முயலக்கூடச் சுடக்கூடாது. கிளப் ரேஞ்சுல அட்டையிலதான்."

"தெரியும், தெரியும். பண்டி டெக்சாசிலை."

டெக்சாசில் வின்சென்றின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தார். அங்கே ரிவோல்வரால் காட்டுப்பன்றி வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே கிளப்பில் பழகி, துவக்கைக் கொண்டுபோவதற்கான தாள்களையும் எடுத்துக்கொண்டு பெப்ரவரியில் போவதென்பது திட்டம்.

முன்பு அவரிடம் ரைஃபிள் இருந்தது. வேலையிடத்து ஆட்களோடு மாதத்துக்கு ஒருமுறை பன்றி வேட்டைக்குப் போவார். நான்கு வருடங்களுக்கு முன் வெயார்ஹவுசில் சரிந்த சாமான் அடுக்கு வலது தோளை நொறுக்கிவிட்டது. உள்ளே தகடு வைத்தார்கள், சரியாக ரைஃபிளின் அடிக்கட்டையை ஊன்றும் இடத்தில். இனி அந்தத் தோள் உதை தாங்காது என்று டொக்டர் சொன்னார். ரைஃபிளை விற்றுவிட்டு மனுஷன் சோபாவில் விழுந்தார். மூன்று வருடம் எழும்பவில்லை. யாரோ எங்கோ வேட்டையாடுவதை போனில் பார்த்துக்கொண்டு, தாடியும் வழிக்காமல், சாப்பிடக் கூப்பிட்டால் பிறகு என்று சொல்லிக்கொண்டு கிடந்தார். போன வருடம் ஒரு நண்பர் பிஸ்டல் கிளப்புக்குக் கூட்டிப்போனார். ரிவோல்வருக்குத் தோள் தேவையில்லை, இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தால் போதும். அதன்பிறகு அவர் மறுபடி மனுஷனானார். குளியலறையில் பாடினார். டோறினுக்கு அது கண்கூடாகத் தெரியும், அதுதான் அவளை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது.

"அக்கா, நீங்களும் புடிச்சுப் பாருங்க. காலிதான்" என்று சந்தீப் அந்த நீளக் குழல் ரிவோல்வரை அவள் பக்கம் நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்து அலுமாரித் தட்டில் இடித்துக்கொண்டாள்.

"அவ எலிப்பொறிக்கும் பயப்பிடுற ஆள்" என்று வின்சென்ற் சிரித்தார். அதையே எடுத்து வைக்கச் சொன்னார். அனுமதி வந்ததும் வந்து வாங்குவார்.

அனுமதிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படி. கைத்துவக்கு வைத்திருக்க விண்ணப்பித்தவரின் வீட்டுக்கு ஓர் அலுவலர் வருவார். துவக்கைப் பூட்டிவைக்கும் பெட்டகத்தைப் பார்ப்பார். பிறகு மனைவியைத் தனியாக இருத்திக் கேட்பார்.

வின்சென்ற் அதற்கு எங்கள் சனம் எதற்கும் ஆயத்தமாகும் முறையில் ஆயத்தமானார். விசா நேர்முகத்துக்கு முதல்நாள் செய்ததுபோல, கேட்கக்கூடிய கேள்விகளை எல்லாம் தாளில் எழுதி, பக்கத்தில் பதிலையும் எழுதி, டோறினை மேசையில் இருத்தி இரண்டு பின்னேரம் பாடமாக்க வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் உண்மையைவிடச் சரியான பதிலே பாதுகாப்பு என்று பழகிப்போன சனம் நாங்கள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். மேலதிகமா ஒரு சொல்லும் வேண்டாம். ஊர்க்கதை எடுக்கவே வேண்டாம், விளங்குதே?"

"ஓம்."

ஊர்க்கதை என்று அவர் சொன்னது அவளுடைய அண்ணனின் கதையை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் அவனை வீட்டுக்கு வந்து சுட்டுக் கொன்றார்கள் என்று வின்சென்றுக்குத் தெரியும். அவருக்கு அது சண்டைக்காலத்துக் கதை, இது வேட்டைத் துவக்கு. ரைஃபிள் வீட்டில் இருந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லைதானே என்று நினைத்தார். ரைஃபிளும் கைத்துவக்கும் அவளுக்கு ஒன்றல்ல என்பது அவருக்கு விளங்கவில்லை. ரைஃபிள் ஆமிக்காரனின் தோளில் வரும், தூரத்திலேயே தெரியும், ஓடலாம். கைத்துவக்கு இடுப்பில் சேட்டுக்குள் ஒளிந்திருந்துகொண்டு, வாசலுக்கு வந்து, பெயர் சொல்லி விசாரிக்கும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு அந்த அலுவலர் வந்தார். நரைத்த தலைமுடி, ஐம்பது தாண்டிய பெண். பெட்டகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு, வின்சென்றை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டோறினுக்கு எதிரே இருந்தார்.

குடிப்பாரா? இல்லை. அடிப்பாரா? இல்லை. மனச்சோர்வு இருந்ததா? தோள் நொந்தபோது கொஞ்சம், இப்போது இல்லை. டோறின் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். அந்தப் பெண் எழுதினார், பிறகு பேனையை மூடி வைத்தார்.

"நன்றாகத் தயார்படுத்தியிருக்கிறார்" என்று புன்னகைத்தார். "இப்போது உங்களை மட்டும் கேட்கிறேன். இந்த வீட்டில் ஒரு கைத்துவக்கு இருந்தால் உங்களால் நிம்மதியாகத் தூங்க முடியுமா? அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்."

அது தாளில் இல்லாத கேள்வி.

"நோ" என்றாள் டோறின்.

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. இதை எழுதினால் அனேகமாக அனுமதி கிடைக்காது, நாளைவரைக்கும் எழுதாமல் வைத்திருக்கிறேன், முதலில் நீங்களே கணவரிடம் சொல்லுங்கள் என்றார்.

அவருடைய கார் திரும்புமுன்னே வின்சென்ற் உள்ளே வந்தார். "எல்லாம் சரிதானே?"

"நான் நோ எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார், முகம் கறுத்தது. "நான் எழுதித் தந்தனான் எல்லோ! மூண்டு வருசம், டோறின்! நான் எப்பிடிக் கிடந்தனான் எண்டு உமக்குத் தெரியாதே? என்னைத் திரும்பவும் அந்தச் சோபாவிலை போடப் பாக்கிறீரோ?"

"அண்ணாவைச் சுட்டவங்கள் தாங்களா உள்ளுக்கு வரேல்லை" என்றாள் டோறின். "கதவைத் திறந்தது நான். நல்ல மரியாதையாக் கேட்டவங்கள், தங்கச்சி, அண்ணா நிக்கிறாரோ எண்டு. ஓம், கிணத்தடியிலை குளிக்கிறார் எண்டு நான்தான் சொன்னனான்."

வின்சென்ற் கதிரையை இழுத்து அமர்ந்தார். "எத்தினை வயசு உமக்கு?"

"பதினாலு."

"சின்னப்பிள்ளை. ஆரெண்டு தெரியாமல் சொன்னது."

"தெரியும். சேட்டுக்குக் கீழை புடைச்சுக்கொண்டு இருந்தது. கண்டிட்டுத்தான் சொன்னனான். பயத்திலை வாய் தானாச் சொல்லிப்போட்டுது." அம்மாவிடம் சொல்லவில்லை, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை என்றாள். "இப்பவும் நான் சொன்ன ஒரு சொல்லாலை நீங்கள் பாழாப்போகப் போறியள். எனக்குத் தெரியும். எண்டாலும் அந்தச் சாமானோடை ஒரு கூரைக்குக் கீழை என்னாலை கிடக்கேலாது."

வின்சென்ற் எழும்பி, அலுவலர் வைத்துப்போன அட்டையை எடுத்து அதிலிருந்த இலக்கத்துக்குப் போன் அடித்தார்.

"மை அப்ளிகேஷன், ஐ டேக் பாக்" என்றார் தன் வெயார்ஹவுஸ் ஆங்கிலத்தில். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. அவர் டோறினைப் பார்த்தார். "நோ, நோ. மை வைஃப் செட் நத்திங். ஐ டோன்ற் வோன்ற். ஒன்லி மீ. ப்ளீஸ் ரைற் லைக் தட்."

மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்பது பொய் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது வின்சென்றுக்கும் தெரியும். ஆனாலும் அப்படியே எழுதும்படி அவர் இன்னொரு தடவை கேட்டார். டோறின் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.