கொடியில் தொங்கும் அட்டை

…கால் கட்டைவிரலை விட்டுவிட வேண்டுமாம், எங்கே கொண்டுபோய் விடுவது, அது பாட்டுக்குக் காலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அதை விட்டால் கணுக்கால், அப்புறம் முழங்கால், இடுப்பு என்று ரஞ்சனா அக்கா ஒவ்வொன்றாக விடச் சொல்லிக்கொண்டே வந்து தலையை விடச் சொல்லும்போது மணி ஐந்தரை ஆகிவிடும், ஐந்தரைக்குக் கடைசி ஒத்திகை, அது தொடங்கிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது... சாஹித்யா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். செகந்தராபாத் தார்நாகாவில் ஒரு பழைய பங்களாவின் மாடி ஹால், மேலே இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்றுக்கு ஓயாத கடகடப்பு, தரையில் ஒன்பது பேர் உடம்பைத் தளர்த்தி மல்லாந்து கிடக்கிறார்கள், எல்லோரும் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள், எல்லோருக்கும் நடிக்க ஆசை, ஒருவர் கையிலும் எழுதிய நாடகம் கிடையாது. அவரவர் கொண்டுவந்து கொடுப்பதை வைத்து எல்லோரும் சேர்ந்தே நாடகத்தை உண்டாக்க வேண்டும், அதுதான் இந்த நான்கு வாரப் பட்டறை, ரஞ்சனா அக்காதான் நடத்துகிறாள். நீ ஒரு கதையைக் கொடுத்தால் அதன் பெயரை ஓர் அட்டையில் எழுதி, துணி காயப்போடுகிற கிளிப்பால் சுவரோரக் கொடியில் மாட்டிவிடுவார்கள், அப்புறம் அது பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் நடிக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். ஒரே ஒரு சலுகை உண்டு. கடைசி ஒத்திகை தொடங்குவதற்குள் கொடுத்தவர் எழுந்துபோய்த் தன் அட்டையைக் கழற்றிவிடலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. போன வாரம் ஸ்ரீலேகா கழற்றினாள், மறுநாள் அந்தக் காட்சி பிறக்கவே இல்லை என்பதுபோல எல்லோரும் நடந்துகொண்டார்கள். அப்படியென்றால் சுலபம்தானே, எழுந்து பன்னிரண்டு அடி நடந்தால் போதும், அப்புறம் எதற்காக இங்கே கட்டை மாதிரி கிடக்கிறாள்... "முழங்கால். லெட் இட் கோ," என்றாள் ரஞ்சனா.

அந்த அட்டையில் 'குளியலறை' என்று எழுதியிருக்கிறது, அவளுடைய கையெழுத்துதான். இரண்டாம் நாள், உங்கள் வீட்டில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் சத்தம் ஒன்றைக் கொடுங்கள் என்று ரஞ்சனா அக்கா கேட்டபோது மற்றவர்கள் சண்டை, அழுகை, குறட்டை என்று கொடுத்தார்கள், இவள் முந்திரிக்கொட்டை மாதிரி அப்பாவைக் கொடுத்துவிட்டாள். அப்பா கோவிந்தராஜனுக்குத் திக்கும். குஷாய்குடா தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷமாக சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதிக்கிற வேலை, போர்டுகள் பதில் கேட்பதில்லை, அதனால் பிழைத்தார். வெளி ஆளிடம் ஏதாவது பேச வேண்டி வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, ஹிந்தியில், இங்கிலீஷில்... வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்தராபாத்தில் இருக்கிற குடும்பத்துக்கு நாலு பாஷையும் வரும், அப்பாவுக்கு நாலிலும் திக்கும். குழாய் தன்னை மறைத்துவிடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், மாரெட்பள்ளியில் இரண்டு ரூம் வீட்டில் எது மறையும், அம்மாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், மேல்வீட்டு லலிதா ஆன்ட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கலாம், ஆனால் ஒருவரும் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒருதடவை காஸ் சிலிண்டர் பதிவு செய்வதற்காக இருபது நிமிஷம் உள்ளே இருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நம்பரைப் போட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்தப் பக்கம் மிஷின், தமிழும் இல்லை தெலுங்கும் இல்லை, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்கிறது... இதைச் சொல்லி முடித்தபோது ஹாலே குலுங்கிச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், தான் கொடுத்த ஒன்றுக்கு இத்தனை பேர் சிரித்தார்களே என்று அன்றைக்குப் பஸ்ஸில் பூரித்துக்கொண்டே போனாள், வெட்கங்கெட்டவள்.

அது இப்போது நாடகத்தின் நடு நாயகமாகிவிட்டது. ஏழு பேர் கதவாக நின்று வாயாலேயே குழாய்ச் சத்தம் எழுப்புகிறார்கள், சாஹித்யா ஒன்றை அழுத்தச் சொல்லும் மிஷின், உள்ளே சரத்தான் அப்பா. இதோ இரண்டு ஆள் தள்ளிக் கிடக்கிறான், மூச்சு ஒரே சீராக வருகிறது, தூங்கிவிட்டானோ என்னவோ, தூங்கினாலும் குற்றமில்லை, பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி மாறி வருகிறவன். மற்ற காட்சிகளில் மரமாகவும் ஜன்னலாகவும் நிற்கிறான், இந்த ஒன்றில்தான் அவனுக்கு வாய் நிறைய வசனம். முதலில் அவன் திக்கிக் காட்டியது கோமாளித்தனமாகத்தான் இருந்தது, பிறகு ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து நின்று, "மாட ஆகிப்போயினப்புடு அங்கிள் எக்கட சூஸ்தாரு?" என்று தெலுங்கில் கேட்டான், பேச்சு நின்றுபோகும்போது அங்கிள் எங்கே பார்ப்பார் என்று. அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவின் பேச்சு நிற்கிறபோது அவள் அவரைப் பார்த்ததே இல்லையோ... தரையைப் பார்ப்பார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள், அன்றிலிருந்து அவன் தரையைப் பார்க்கிறான், பார்க்கிறவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள். இன்றைக்கு ஏழு மணி நாடகத்துக்கு அவனுடைய அம்மாவும் வருகிறாளாம். இவள் அட்டையைக் கழற்றினால் அந்த அம்மா அத்தனை தூரத்திலிருந்து வந்து மகன் மரமாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் போவாள். கழற்றாவிட்டால்? இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அது தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சியும் செய்யுமா?

அப்பா வரமாட்டார் என்றுதானே இத்தனை நாளும் இருந்தாள், சும்மா பழகுகிறோம், பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்றுதானே வீட்டில் சொல்லியிருந்தாள். பட்டறை விண்ணப்பத்தில் அவசரத்துக்கு அழைக்க ஒரு நம்பர் கேட்டிருந்தார்கள், அழைத்தால் எடுக்கவே மாட்டார் என்ற தைரியத்தில் அப்பாவின் நம்பரை எழுதினாள், அவர்களோ அழைக்காமல் வாட்ஸப்பில் அழைப்பிதழை அனுப்பித் தொலைத்தார்கள், படிப்பதற்குத் திக்குமா என்ன. காலையில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே அம்மா விஜயகுமாரி, "உங்கப்பா அரை நாள் லீவு போட்டிருக்காருடி, உன் டிராமா பாக்க வராராம்," என்றாள். நீயும் வருகிறாயா என்று கேட்டதற்கு, "நான் நக்கோ, வரல, அந்த மாடிப்படி என் முழங்காலுக்கு ஆவாது. அவரு தனியா போறேங்கறாரு பாரு, அதைச் சொல்லு." தனியாக! கல்யாணத்துக்கானாலும் கருமாதிக்கானாலும் அம்மா இல்லாமல் அப்பா போனதில்லை, அம்மாதான் அவருக்கு வாய். அதற்குள் குழாய் திறக்கிற சத்தம், அதற்கு அடியில் அப்பா... "ஐ ஆம் ச... ச... சாஹித்யாஸ் ஃபாதர். ப்ரோக்ராம் வாஸ் வெரி நைஸ்." நாடகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாராட்டு தயார். பிறகு ஹிந்தியில், மைன் சாஹித்யா கா ஃபாதர் ஹூன், டிராமா தேக்னே ஆயா, சாஹித்யாவின் அப்பா, நாடகம் பார்க்க வந்தேன் என்று. ஹிந்தி யாருக்கு, இங்கே எல்லோரும் தெலுங்கும் இங்கிலீஷும்தானே... பெயரின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வார் என்பதால் பிறந்ததிலிருந்து அவளை அம்மாடி என்றே கூப்பிட்டவர், இன்றைக்கு அந்தப் பெயரை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். அவள் தோசை சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். ஏழு மணிக்கு அவர் முன்வரிசையில் உட்காருவார், அதே கதவு, அதே குழாய், அதே திக்கல், சுற்றி அறுபது பேர் சிரிப்பார்கள், நடுவில் அவர், ஓகோ, எல்லோருக்கும் தெரியுமா, என் பெண்தான் சொன்னாளா... கோபப்பட மாட்டார், அதுதான் பயம், கூடச் சேர்ந்து சிரிப்பார், வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், அப்புறம் எப்போதாவது அந்தக் கதவைத் தாழ்போட்டுக் குழாயைத் திறப்பாரா? அவர் பேசிப் பழக உலகத்தில் இருந்தது அந்த ஆறடிக்கு நாலடி இடம் ஒன்றுதான், அதையும் அவள் வாடகைக்கு விட்டுவிட்டாள்.

"இடுப்பு. தோள். தரையிடம் கொடுத்துவிடுங்கள்," என்றாள் ரஞ்சனா. எதைக் கொடுப்பது, கொடுத்தது போதாதா... கொடுக்காததும் ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு. பள்ளி ஆண்டுவிழா நாடகத்திலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள், உன் தெலுங்கில் தமிழ் வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் குழாய் திறந்தது. மேடம், என் பொண்ணு நல்லா நடிப்பா, ஒரு சான்ஸ் குடுங்க. மேடம், மை டாட்டர் ஆக்ட்ஸ் வெல். வாளி நிரம்பி வழிந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானாலும் கத்துகிற அம்மா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, தலைமையாசிரியை அறையில் அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றார். மேடம், மை... மை டா... கழுத்து நரம்பு புடைக்கிறது, கதவருகே இரண்டு பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள், அதில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொள்கிறாள், சாஹித்யா சட்டென்று முந்திக்கொண்டு, நாளைக்கு எனக்கு லீவு வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார் மேடம் என்றாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு ஹவ், ஆமாம், அதற்குத்தான் வந்தேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார். லீவு கிடைத்தது. மறுநாள் காய்ச்சலும் இல்லை, விசேஷமும் இல்லை, வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதுக்குடி லீவு என்று அம்மா கேட்டதற்கு அப்பாதான் கையை ஆட்டி ஏதோ சமாளித்தார். அவளைத்தான் பார்த்தார்... ஐயோ, சரத்திடம் தப்பாக அல்லவா சொல்லிவிட்டாள், தரையை இல்லை, பேச்சு நிற்கும்போது பக்கத்தில் இருக்கிற தன் மனுஷரைப் பார்ப்பார், அம்மாவை, அவளை, கொஞ்சம் பொறு என்று கேட்கிற மாதிரி. அவர்கள்தான் உடனே முந்திக்கொண்டு முடித்துவைப்பார்கள், உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, இல்லை, பொய், அவள் உதவி செய்யவில்லை, அவளுக்கு அந்த இரண்டு பெண்கள் முன்னால் மானம் போனது. இதை ஏன் கொடியில் மாட்டவில்லை, இதில் சிரிக்க எதுவும் இல்லை என்பதாலா?

ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இரண்டு தடவை உதைத்தால்தான் ஸ்டாண்டு விழும் அப்பாவின் ஸ்கூட்டர். மணி ஐந்தே கால் ஆகியிருக்குமா, இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் கிடக்கிறது, ரயில் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால் போய் ஸ்டேஷனில் உட்காருகிற மனிதர், நாடகத்துக்கு மட்டும் நேரத்துக்கா வருவார்... அவள் உடம்பில் ரஞ்சனா அக்கா விடச் சொன்னதெல்லாம் திரும்பி வந்து இறுகிக்கொண்டது. "லாஸ்ட் ரவுண்டு, இருபது எண்ணுவேன், இருபதில் கண்ணைத் திறந்தால் போதும்," என்று ரஞ்சனா தெலுங்கில் எண்ணத் தொடங்கவும், கீழே கேட்டில் வாட்ச்மேன் அப்துல் ரஹீம் "கோன் ஹோனா சாப்?" என்று, யார் வேண்டும் என்று, கேட்கவும் சரியாக இருந்தது. "ஒகட்டி..." கீழே, மைன். "ரெண்டு..." மைன் ச... ச... அம்மா கூட இல்லை, பார்க்க ஒரு மனுஷர் இல்லாமல் எங்கே பார்க்கிறார் இப்போது, வாட்ச்மேன் சிரித்துவிடுவானோ, போ என்று விரட்டிவிடுவானோ... "மூடு..."

"சாஹித்யாவோட அப்பா!"

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அமைதியான ஹாலில், மாடியில், அவர் கண்ணில்கூடப் படாத இடத்தில் கிடந்துகொண்டு முடித்துவைத்திருக்கிறாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், சரத் முழித்துக்கொண்டு அசைவது கேட்டது, ரஞ்சனா எண்ண ஆரம்பித்தால் கட்டடமே இடிந்தாலும் நிறுத்தமாட்டாள், நாலுகு, ஐது என்று போய்க்கொண்டே இருந்தாள். கீழே அப்துல் ரஹீம் அவசரமில்லாமல், "ஆராம்ஸே சாப், கைக்கு ஜல்தி?" என்றார், என்ன அவசரம், மெதுவாகச் சொல்லுங்கள் என்று. ஆறு. ஏடு. மின்விசிறி கடகடக்கிறது. எனிமிதி. ச... தொம்மிதி. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பதி. "சாஹித்யா கா ஃபாதர் ஹூன். டிராமா தேக்னே ஆயா," என்று கீழிருந்து முழுசாக, காலையில் சொல்லிப் பார்த்த அதே வாக்கியம், ஒரு சொல் பிசகாமல் வந்தது. பதகொண்டு.

வாட்ச்மேனுக்காகவா அந்த ஹிந்தி, வாட்ச்மேனிடம் சொல்வதற்காகவா அத்தனை தண்ணீர்... பதினொன்று. அவர் முடிக்கும்வரை பொறுக்க அவ்வளவுதானா? அவள் இதுவரை மூன்றைத் தாண்டியதே இல்லை, தலைமையாசிரியை அறையிலும் மூன்றுக்கு மேல் போயிருக்காது, பதினொன்று வரை அன்றைக்கு நின்றிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான், அவள்தான் நிறுத்தினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்டபடி மகள் ஒருத்தி நிற்கிறாளே, நான்கு வாரமாக ஒன்பது பேர் அந்தக் காட்சியை உருட்டி உருட்டிச் செய்தார்கள், அவள் ஏன் ஒருநாளும் அதில் வரவில்லை, அவளை யார் கொடுப்பது, இனிமேல் ஓர் அட்டையை மாட்ட விடுவார்களா, கழற்றத்தானே அனுமதி... கண்ணைத் திறக்காமலே கொடி தெரிந்தது, கிளிப் தெரிந்தது. மாடிப்படியில் அப்பாவின் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வருகிறது, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. ரஞ்சனா பன்னெண்டு என்றாள். இன்னும் எட்டு இருந்தது.