முதிராத அணு

பேப்பரை ரேவதியின் கையில் திணித்தபோது வேணுவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. 1995ஆம் வருஷம் அது. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை என்று கீழ்பென்னாத்தூரில் எந்த வளைகாப்புக்கும் அவளை அழைப்பதில்லை.

"படிச்சுப் பாரேன். முழுசா முதிராத விந்தணுவ ஊசியால சினைமுட்டைக்குள்ள வச்சு, சுண்டெலிக்குக் குட்டி பொறந்திருக்கு. உசுரோட! நமக்கும் ஒரு வழி வரும்."

அவள் இரண்டு முறை படித்தாள். "முதிராத அணுவுக்கும் நமக்கும் என்னங்க?"

வேணு பேப்பரை வாங்கி மடிக்கத் தொடங்கினான்.

"கேக்குறேன் இல்ல?"

"எனக்குத்தான். எண்பத்தொன்பதுலயே மெட்ராஸ் டாக்டர் சொல்லிட்டாரு. அணு பாதி வளந்து நின்னுடுதாம்."

ஆறு வருஷம். அதற்குள் அவளுக்கு இரண்டு ஆபரேஷன். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றினாள். கோயில் தரையில் ஈரப்புடவையோடு மண்சோறு தின்றாள். மாமியார் பச்சையம்மாள் மலடி என்று ஏசும்போதெல்லாம் இவன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். போன சித்திரையில் அடி அண்ணாமலைக்கு இவனுக்கு இரண்டாந்தாரம் பார்க்கப் போனார்கள். இவனும் இஸ்திரி போட்ட சட்டையோடு கூடவே போனான்.

"தெரிஞ்சுமா பொண்ணு பாக்கப் போன? அவளையும் மலடியாக்கவா?" எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவனை ஒருமையில் கேட்டாள்.

"அம்மா மனசு ஒடஞ்சிடும்னுதான்..."

"என்னுது என்ன, கருங்கல்லா?"

அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தாள். பச்சையம்மாளும் எதிர்வீட்டு சரசுவும் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லு உங்கம்மாகிட்ட."

"உள்ள போய்ப் பேசலாம் ரேவதி."

"என்னை வாசல்லதானே ஏசினாங்க? இங்கயே சொல்லு."

"ஆம்பளைய இப்பிடியா இழுத்தாருவ, மலட்டு முண்ட!" என்று எழுந்தாள் பச்சையம்மாள்.

"அவளத் திட்டாதம்மா." வேணு குறுக்கே வந்து நின்றான். "கொற எங்கிட்டதான். ஆறு வருசமா தெரியும்."

சரசு முறத்தைக் கீழே வைத்தாள். பச்சையம்மாள் மகனையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். மருமகளிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை. ரேவதியும் எதிர்பார்க்கவில்லை. துணிமணியை ஒரு பையில் அடைத்துக்கொண்டு, வேங்கிக்காலில் இருந்த அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

மறுவாரம் வேணு வந்து வாசலில் நின்றான். "எலிக்கு ஆனது நாளைக்கு மனுசனுக்கும் ஆவும். டாக்டரைப் பாக்கலாம், வா."

"ஆவட்டும். கொற இருந்ததுக்கா நான் வந்தேன்? அத ஆறு வருசம் என் தலையில கட்டினியே, அதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?"

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கோபம் தணியவில்லை. தணிய வேண்டுமென்றும் அவளுக்குத் தோன்றவில்லை.