இரண்டாவது கேசட்டுப் பேய்

கோமதிக்கு அந்தப் பேயின் மேல் முதலில் வந்தது கோபம்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் அக்ஷரா ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் அதனிடம் தோற்றுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த வருஷம், தொண்ணூற்றாறு ஜூனில், கணவர் சேஷாத்ரிக்குத் திருச்சியிலிருந்து வங்காளத்துக் கார்டன் ரீச்சுக்கு மாற்றல் ஆகியிருந்தது. ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியர். சிநேகிதிகளை விட்டு வந்த அக்ஷராவைச் சமாதானப்படுத்தக் கிதிர்பூர் கடைத்தெருவிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டியும் இரண்டு கேசட்டும் வாங்கி வந்தார். இரண்டும் ஒரே வரிசை விளையாட்டு. குடை பிடித்த குட்டி மனிதன் ஒருவன் மேடைக்கு மேடை தாவிப் போவான். கேசட்டின் மேலும் திரையிலும் இருந்த எழுத்து ஜப்பானியம் என்றார் சேஷாத்ரி. யாருக்கும் ஒரு வரி படிக்கத் தெரியாது.

முதல் கேசட்டில் பேய் பரம சாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிதக்கும். பார்த்துத் தாண்டினால் சரி. இரண்டாவது கேசட்டில் அதே பேய்தான், ஆனால் குணம் மாறியிருந்தது. நாலாவது அரண்மனையில், கல் பாவிய ஓர் அறைக்குள் குடைக்காரன் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அது பின்னாலேயே வந்துவிடும். வெள்ளையாக, புகை மாதிரி வால் நெளிய. தொட்டால் உயிர் போச்சு. அறையின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. இந்தப் பக்கம் தரையில் ஒரு சிவப்புக் கல். கல்லின் மேல் நின்றால் கதவு மேலே ஏறும், இறங்கினால் விழுந்துவிடும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் கதவு முந்திக்கொள்ளும்.

"அது என்னதான் பண்றதுன்னு பார்ப்போமே" என்று ஒருநாள் மத்தியானம் கோமதியே பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். வங்காளம் தெரியாது, அக்கம்பக்கத்தில் பேச ஆள் கிடையாது, வெளியே விடாத மழை. முதல் வாரம் முதல் அரண்மனையையே தாண்டவில்லை. மூன்றாவது வாரம், இருபதே நிமிஷத்தில் அந்தக் கல் அறைக்குப் போய்ச் சேரும் அளவுக்குக் கை பழகிவிட்டது. அதற்குமேல் அவளும் மகளைப் போலவே தோற்றாள்.

ஒரு மத்தியானம் யாரோ கதவைப் பலமாகத் தட்டினார்கள். கீழ்வீட்டு தாரா. அவள் மகன் புபாயும் அக்ஷராவும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போகிறவர்கள். சாயங்காலம் சேர்ந்து விளையாடுகிறவர்கள்.

"புபாய் இஸ்கூலே ஜாயனி?" என்றாள் தாரா, உள்ளே எட்டிப் பார்த்து. விளையாட்டின் பாட்டு கீழே கேட்டிருக்கிறது. பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இங்கே ஒளிந்திருக்கிறான் என்று நினைத்து வந்திருக்கிறாள்.

அறையில் குழந்தைகள் யாரும் இல்லை. கோமதியின் கையில்தான் இருந்தது ரிமோட். தாரா அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துமி?"

நீயா என்று கேட்கிறாள் என்பது புரிந்து கோமதிக்குக் காது சிவந்துவிட்டது. தலையை ஆட்டினாள். தாரா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் பேய் வந்துகொண்டிருந்தது.

"பூத்! பாலாவ், பாலாவ்!" என்று தாரா கத்தினாள். அர்த்தம் புரிந்தோ புரியாமலோ கோமதி ஓடினாள். ஓடியும் செத்தாள். தாரா கையை நீட்டி, "ஆமி எக்பார்?" என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்று முதல் சாப்பாட்டு வேலை முடிந்ததும் தாரா மேலே வந்துவிடுவாள். கோமதி அவளை, அக்கா என்ற அர்த்தத்தில், தாரா-தி என்றாள். அவள் வாயில் கோமதி, 'கோமோதி' ஆனாள். பாதி நாள் மின்சாரம் போய் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. "லோட்ஷெடிங்!" என்று தாரா வைவதைக் கேட்டே கோமதி நாலு வங்காள வசவுகளைக் கற்றுக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒருநாள் கோமதியின் விரல் வழுக்கி, குடைக்காரன் வெறும் தரையில் காரணமில்லாமல் ஒரு துள்ளு துள்ளினான். சற்று நேரத்தில் பேய் அதே இடத்துக்கு வந்தது. அதுவும் துள்ளியது.

கோமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கே தாண்டுவதற்குக் குழியும் இல்லை, முள்ளும் இல்லை. பேய் எதற்குத் துள்ள வேண்டும்? வேண்டுமென்றே இரண்டு தரம் குதித்துப் பார்த்தாள். பேயும் இரண்டு தரம் குதித்தது. சுவரில் முட்டிவிட்டுத் திரும்பினாள். அதுவும் முட்டிவிட்டுத் திரும்பியது.

"துரத்தலை தாரா-தி! நம்மளை மாதிரியே பண்றது. நகல்! நகல்!"

தாரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நொகோல்? நொகோல் கொர்ச்சே?" அவள் கண்கள் விரிந்தன. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைத்ததில் பேயைக் கொஞ்ச நேரம் மறந்து சிரித்தார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கோமதி, யாரைப் பற்றி என்று சொல்லாமல், "ஏன்னா, ஒருத்தர் நம்ம பண்றதையெல்லாம் கொஞ்ச நேரம் கழிச்சு அப்படியே பண்ணினா, அவரை வச்சு என்ன காரியம் சாதிக்கலாம்?" என்று கேட்டாள்.

"யாரு அப்படிப் பண்றா?" என்றார் சேஷாத்ரி மோரை ஊற்றிக்கொண்டே.

"சும்மா கேட்டேன்."

"எத்தனை நேரம் கழிச்சு?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள், ஒருத்தி தமிழில், ஒருத்தி வங்காளத்தில். எப்போதும் ஆறு. அவள் எங்கே இருந்தாளோ, ஆறு எண்ணியதும் பேய் அங்கே வந்தது. கல்லிலிருந்து கதவுவரை ஓட ஐந்து.

அடுத்த விஷயத்தைக் கவனித்தவள் தாரா. கோமதி கல்லை மிதித்துவிட்டு ஓடி, மூடிய கதவின் முன்னால் நின்றபோது, "தோர்ஜா! தோர்ஜா!" என்று திரையில் கதவின் மேல் விரலை வைத்தாள். கதவின் அடிப்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்து, உடனே விழுந்தது. அந்த நொடியில் பேய் சிவப்புக் கல்லைக் கடந்துகொண்டிருந்தது.

பேய்க்கும் கல் அழுந்துகிறது. அப்படியானால் அது கல்லின் மேல் கடந்து போகாமல் நிற்க வேண்டும். அது நிற்க வேண்டுமானால்?

"நாமளும் நிக்கணும்" என்றாள் கோமதி மெதுவாக. கையைத் தரையில் அழுத்தி ஜாடை காட்டினாள். தாராவுக்குப் புரிந்தது, புரிந்ததும் பயந்தாள். பேய் வரும்போது ஓடாமல் நிற்பதா?

முதல் தடவை கோமதி ஒன்று எண்ணியதுமே தாளாமல் ஓடிவிட்டாள்; பேய் நின்ற நேரத்தில் கதவு பாதிகூட ஏறவில்லை. அடுத்த தடவை நின்றது அதிகமாகி, பேய் தொட்டுவிட்டது. கடைசி உயிரைத் தாராவிடம் கொடுத்து, தான் எண்ணினாள். "ஒண்ணு… ரெண்டு…" பேய் வால் நெளிய வந்துகொண்டிருந்தது. "மூணு… நாலு, ஓடு!"

அந்த 'ஓடு' என்ற சொல் தாராவுக்குத் தெரியாது. ஆனாலும் ஓடினாள். பின்னால் பேய் கல்லின் மேல் வந்து, அவள் நின்ற மாதிரியே அசையாமல் நின்றது. இரும்புக் கதவு மெல்ல மேலே ஏறி, அங்கேயே இருந்தது. இத்தனை நாள் கொல்ல வந்த பேய் அவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. குடைக்காரன் உள்ளே போனான்.

"ஓ மா!" என்றாள் தாரா.

அடுத்த அறையில் இரண்டு பேய்கள் இருந்தன.

ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட பஸ் வந்தது. புத்தகப் பையோடு உள்ளே வந்த அக்ஷரா திரையைப் பார்த்து உறைந்து நின்றாள்.

"யாரும்மா இவ்ளோ தூரம் போனது?"

"நானும் தாரா-தியும்தான். அந்தப் பேய் இருக்கே, அது…"

"சொல்லாதே!" அக்ஷரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லாதேம்மா! நானே கண்டுபிடிக்கிறேன்."

சொல்லிவிட்டு நேரே போய்ப் பெட்டியை அணைத்தாள். கோமதிக்குத் தன்னையறியாமல் 'ஐயோ' என்று வந்துவிட்டது. இரண்டு மாத உழைப்பு ஒரு சொடுக்கில் போயிற்று. ஆனால் மகளின் முகத்தில் கோபம் இல்லை. அம்மாவை அவள் அப்படி வியப்போடு பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதைக் கண்டுபிடிக்க அக்ஷராவுக்கும் புபாய்க்கும் எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் கோமதி சாயங்காலங்களில் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். குடைக்காரன் கல்லைவிட்டு அவசரமாக இறங்கும்போதெல்லாம் வாயைத் திறக்காமலிருக்க அவள் பட்ட பாடு பெரிது. மத்தியானங்களில் தாராவோடு அடுத்த அறைக்குப் போனாள். முதல் பேய் குடைக்காரனைப் பார்த்துச் செய்தது. இரண்டாவது பேய் யாரைப் பார்த்துச் செய்கிறது என்பதுதான் புரியவில்லை; அவர்கள் குதித்தால் அது குனிந்தது.

"கேனோ?" என்றாள் தாரா. ஏன் என்று அதற்கு அர்த்தம். கோமதி அதற்குள் அதைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"தெரியலையே" என்று சொல்லி இன்னொரு தரம் குதித்துப் பார்த்தாள்.