முதலாளியம்மாள் உட்காரவில்லை

ஃபிர்அவ்ன் கதை கேட்பதென்றால் எல்லாருக்கும் பிடிக்கும். தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொண்டு ஜனங்களை வாட்டிய அந்த ராஜாவின் ஜாடை அடுத்த வீட்டுக்காரனிடம் தெரிந்தால் இன்னும் பிடிக்கும். நம் வீட்டிலேயே தெரிந்தால்? தையல் கூடத்து முதலாளியின் மனைவிக்கு அந்த வெள்ளிக்கிழமை அதுதான் நேர்ந்தது.

பெண்களுக்கு மார்க்கப் பாடம் நடத்தும் ஆலிமா ஃபிர்அவ்னின் ஆணவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் கூடத்துப் பெண்கள். "நம்ம ஃபிர்அவ்ன் ஸ்டூலைல்ல பிடுங்கிட்டாரு" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். முன்னால் இருந்த முதலாளி மனைவிக்கு முகம் செத்துப்போயிற்று.

பொய்யில்லை. துணியில் நூல் பிசிறு இருக்கிறதென்று பெரிய சரக்கொன்று திரும்பி வந்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. உட்கார்ந்தால் கண் சொக்குகிறது என்று பிசிறு வெட்டும் பெண்களின் ஸ்டூல்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். அவர்களில் ஒருத்தி ஏழு மாதக்காரி. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. சனிக்கிழமைக்குள் ஒழுங்காக நின்று வேலை செய்யாவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று அவளிடம் சொல்லியாயிற்று.

ஆலிமா அன்று இன்னொன்றும் சொன்னார். அப்பேர்ப்பட்ட கொடுங்கோலனிடம் போகும்போதும் மென்மையாகப் பேசச் சொல்லித்தான் மூஸா நபிக்குக் கட்டளை வந்ததாம். சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொள்கிற ஜாதி தன் வீட்டுக்காரர் என்பது இருபது வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா?

மறுநாள் மதியம் தையல் கூடத்தில் அவர் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நின்றபடியே பரிமாறினாள்.

"உட்காரேன்" என்றார்.

"இருக்கட்டுங்க."

"முழங்கால் வலின்னு புலம்புவியே?"

"இப்பவும் உயிர் போகுது. நான் ஒத்த உயிரு. வெளியே நிக்கிறவ ரெண்டு உயிரு."

அவர் பிசைந்த கை நின்றது. "இன்னொரு சரக்கு திரும்பி வந்தா நாம எல்லாருமே தெருவுலதான், தெரியுமா?"

"தெரியும். நீங்க தூங்காம புரளுறதும் தெரியும். ஆனா உங்களை ஃபிர்அவ்ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. என்னால தாங்க முடியலைங்க." மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். ஸ்டூல் அறைச் சாவி சூப்பர்வைசரிடம் இருந்தது. அவன் சாப்பிடப் போயிருந்தான். பொறுமைக்கும் இவருக்கும் என்றைக்கும் ஏழாம் பொருத்தம். மெத்தை வைத்த தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

ஏழு மாதக்காரி மிரண்டு பின்வாங்கினாள்.

"உட்காரும்மா. உட்கார்ந்தே வெட்டு" என்றார். "பிசிறு மிச்சமிருந்தா நான் பார்த்துக்கிறேன்."

அவள் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் நின்றபடி அவள் வெட்டிப் போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் திரும்பி வந்து மற்ற ஸ்டூல்களை எடுத்துப் போட்ட பிறகும் அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை.

வாசலில் முழங்காலைப் பிடித்தபடி நின்றிருந்தவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்த வெள்ளி எவளாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கட்டும்.