சேமக்காலைப் படம்

வன்தட்டு எதுவும் இல்லை என்று நீலத்திரை நாலாவது முறையாகவும் சொன்னது. மேர்சி வெளியேறும் விசையை அழுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

வன்தட்டு இருந்தது. பத்து ஜிபி அளவில் அவளே உண்டாக்கியது. பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், அழித்துவிட்டுப் புதிதாகவும் செய்தாள். கோப்புறையில் கண்முன்னே கிடக்கும் தட்டை, இல்லை என்று சாதித்தது பழைய விண்டோஸ் எக்ஸ்பி.

கதவுக்கு அந்தப் பக்கம், ஹோலில், அப்பா பெட்டிக்குள் கிடந்தார். செபமாலை நடந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து மச்சாள் நிமலினி தலையை நீட்டினாள்.

"தலைமாட்டில இருந்து அழ வேண்டியவள் எங்கையெண்டு சனம் கேக்குது. லப்டொப்போட இருக்கிறாள் எண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ மச்சாள்."

செத்த வீடென்றும் பாராமல் நிமலினி கதவை அடித்துச் சாத்தினாள்.

மூன்றரைக்கு அடக்கம். புதைக்கும் கிடங்கு வெட்டுகிறவர்கள் விடியலிலிருந்தே, கல்லறைத் தோட்டமான சேமக்காலையில், பூவரசுக்குக் கீழே மண்வெட்டிகளோடு குந்தியிருந்தார்கள். எங்கே வெட்டுவதென்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. அம்மா சூசையம்மா கிடக்கிற கிடங்கில்தான் தானும் கிடக்க வேண்டுமென்று அப்பா இன்னாசித்தம்பி சொல்லி வைத்திருந்தார். சூசையம்மா எங்கே கிடக்கிறாள் என்பதுதான் நாரந்தனையில் பத்து வருடமாக நடக்கும் சண்டை. அப்பா காட்டிய அதே மண்ணைத் தன் தாய் மதலேனாளின் மண் என்றார் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி கிறிஸ்தோப்பர். கார்த்திகையில், ஆத்துமாக்கள் திருநாளில், இவர்கள் நட்ட மெழுகுதிரியை அவர் காலால் தட்டிவிடுவார். போன முறை இரண்டு கிழவர்களும் சட்டையைப் பிடித்து இழுபட்டார்கள்.

புதுச் சுவர் கட்ட வந்தவர்கள் லொறி உள்ளே வருவதற்காக மரக் குருசுகளையெல்லாம் பிடுங்கிக் குவித்ததில் வந்த வினை அது. ஆனால் அதற்கு எட்டு வருடம் முன்பே, குருசுகள் நின்ற காலத்தில், கோயில் மூப்பராயிருந்த அப்பா அளவுநாடாவோடு சேமக்காலை முழுவதையும் அளந்து கணினியில் படமாக்கியிருந்தார். அதற்கென்று ஊர்ப் பெடியன் ஒருவன் எழுதிக் கொடுத்த நிரல், எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். புது விண்டோஸில் ஒரு கணம் மின்னிவிட்டு மூடிக்கொள்ளும். தானே அளந்த மண் தனக்குத் தெரியாதா என்று, சண்டை தொடங்கிய பிறகும் அப்பா படத்தைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பழைய கணினியைப் போன வருடம் உப்புக்காற்று தின்று முடித்தது. அதற்கு முன்பே படத்தையும் எக்ஸ்பி சீடியையும் மேர்சி நகலெடுத்து வைத்துக்கொண்டாள்.

"திறந்து தா பிள்ளை, ஒண்டு பாக்கோணும்" என்று அப்பா மூன்று தடவை கேட்டார். "வாற கிழமை அப்பா" என்று மூன்று தடவையும் சொன்னாள். நேற்றுப் பின்னேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இன்று காலைதான் அவள் முதன்முறையாகத் தொடங்கினாள்.

செய்ய வேண்டியது கணினிக்குள் ஒரு கணினி. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் பாதை என்ற மிதவைப் படகில் வான் வண்டி ஏறி நிற்பதில்லையா, அதுபோலத்தான். வான் தன் நாலு சில்லிலும் ஒழுங்காகவே நிற்கிறது. கீழே இருப்பது தெரு அல்ல, கடலில் மிதக்கிற பலகை என்பது வானுக்குத் தெரியாது. எக்ஸ்பிக்கும் அப்படியே. மடிக்கணினி தன்னில் ஒரு பங்கைப் பிரித்து, இது நினைவகம், இது தட்டு, இது திரை என்று காட்டினால், அதை முழுக் கணினியென்றே நம்பி அது குடியேறிவிடும். இங்கே தட்டைக் காட்டியும் அது நம்பவில்லை.

கேட்காமலே கதவு திறந்தது. கிறிஸ்தோப்பர்; பின்னால் அண்ணன் றஜீபன்.

"என்ன, வந்திட்டுதோ? மேர்சி திறப்பாள், அப்ப பாப்பம் எண்டு கொப்பர் ஒரு வருசமாத் திரிஞ்சவர். ஆள் போய்ச் சேந்திட்டார். படத்தைத்தான் இன்னும் காணேல்லை."

"பன்னிரண்டு மணிவரைக்கும் பொறுங்கோ சித்தப்பா."

"பொறுத்து? என்ர அம்மாவின்ர எலும்பில மண்வெட்டி வைக்கிறதெண்டா முதல்ல என்னை வெட்டோணும்."

"விடு மேர்சி" என்றான் றஜீபன். "பின்வேலியோட புதுக் கிடங்கு வெட்டட்டும்."

"அவர் கேட்டது இது ஒண்டுதான் அண்ணா."

"என்னட்டைக் கேக்கேல்லை. உன்னட்டைத்தான் கேட்டவர்."

மேர்சி திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "படம் உங்கட எண்டு காட்டினா உங்கட, சித்தப்பா. நான் வாய் திறக்கமாட்டன்."

"கொப்பர் கீறின படம் என்ர எண்டு காட்டுமோ!" அவர் சிரித்துக்கொண்டே போனார்.

இனி எதையும் கூட்டிக் குறைப்பதில்லை என்று மேர்சி முடிவு செய்தாள். அலுவலகத்தில் புது விண்டோஸுக்கென்று வைத்திருந்த அமைப்பையே நகலெடுத்துத்தான் இதைச் செய்திருந்தாள். அதை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, பாட்டுப் புத்தகம் படிப்பதுபோல வாசித்தாள். சேமிப்பகம் என்ற பகுதியில் நின்றாள். ஒரே ஒரு வரியை மாற்றினாள். மறுபடி தொடங்கினாள்.

நீலத்திரையில் தட்டு வந்தது. பத்து ஜிபி.

முப்பத்தொன்பது நிமிடம் ஆகுமென்றது எக்ஸ்பி. அந்த நேரத்தில் அதற்கு ஆள் தேவையில்லை. மேர்சி ஹோலுக்குப் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். நிமலினி கதிரையைத் தள்ளி இடம் விடவில்லை. அப்பாவின் கைவிரல்களைச் செபமாலையால் கட்டியிருந்தார்கள். அடிக்கொரு முறை ஒரு ஈ வந்து அந்தச் சிலுவையில் குந்தியது. அவள் அதைக் கலைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது எக்ஸ்பி குடியேறியிருந்தது. அப்பாவின் கோப்புறையை உள்ளே அனுப்பினாள். நிரல் திறந்தது, மூடிக்கொள்ளவில்லை. கட்டம் கட்டமாகச் சேமக்காலை வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், ஓர் ஆண்டு, பெரிய குருசிலிருந்து எத்தனை அடி என்ற அளவு.

மேர்சி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவையும் அண்ணனையும் கூப்பிட்டாள்.

கிறிஸ்தோப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நாலாம் வரிசை, ஆறாம் கட்டத்தில் அவருடைய வாய் நின்றது. "மதலேனாள்..."

"அப்பா காட்டின இடம் உதுதான். அது உங்கட அம்மாதான்" என்றாள் மேர்சி. "அப்பா மூண்டாம் வரிசை எண்டதை மட்டும் நினைவில வைச்சு, சுவரில இருந்து எண்ணினவர். சுவரை உள்ளுக்குத் தள்ளிக் கட்டினதில பழைய முதலாம் வரிசை வெளியால போயிட்டுது. குருசில இருந்து அளந்தாத்தான் சரி வரும். எங்கட அம்மா உங்கட அம்மாவுக்கு ஒரு வரிசை முன்னால, சுவர்ப் பக்கம். முப்பத்திரண்டு அடி."

"நான் எப்பவோ சொன்னனான்."

"ஓம்."

"அப்ப இவ்வளவு வருசமும் நாங்கள் ஆருக்குத் திரி கொளுத்தினது?" என்றான் றஜீபன். அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு, முப்பத்திரண்டு அடி, முப்பத்திரண்டு அடி என்று சொன்னபடி முற்றத்துக்குப் போனான்.

கிறிஸ்தோப்பர் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"உதைப் பாக்கத்தான் கேட்டுக்கொண்டிருந்தவரோ?"

மேர்சி அம்மாவின் கட்டத்தில் சுட்டியை வைத்தாள்.

"ஒரு வருசம் திறக்க ஏலாமல் அதில அப்பிடி என்ன பிழை?"

"தட்டு சாட்டா எண்ட புது இணைப்பில இருந்தது, சித்தப்பா. எக்ஸ்பி பழசு, அந்த இணைப்பு அதுக்குத் தெரியாது, அதாலதான் தட்டே இல்லையெண்டு சொன்னது. ஐடிஇ எண்ட பழைய இணைப்புக்கு மாத்திவிட்டன், கண்டிட்டுது. ஒரு நிமிச வேலை."