உச்சிச் சிவப்பு

கொக்கின் மண்டை தன் கட்டைவிரல் அளவுதான் என்பது ஒப்பனைக்காரி அமுதத்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஹேவ்லாக் தீவு விடுதியின் அழகு நிலையத்தில், மணப்பெண்கள் சாய்ந்துகொள்ளும் நாற்காலியில் தோட்டக்கார முனியாண்டி உட்கார்ந்து, பறவையைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கியிருந்தான். இன்னொன்று மீன் வந்த தெர்மோகோல் பெட்டிக்குள் கிடந்தது. காலையில் வயலில் மாடுகளுக்குப் பின்னால் பூச்சி பொறுக்கியவை. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியும் மல்லிகை மணத்தினூடே சேறு நாறியது.

மேலாளர் கௌதம், கல்யாணத்தில் வாசிக்கவேண்டிய அட்டையைச் சொல்லிப் பார்த்தான். “சிவப்பு உச்சிக் கொக்கு. ஜப்பான்ல இதுக்கு ஆயிரம் வருஷ ஆயுசு. சீனாவுல சித்தருங்க இதுமேல ஏறித்தான் சொர்க்கம் போவாங்க. கிரேக்கத்துல கால்ல கல்லைப் பிடிச்சிட்டுக் காவல் நிக்கும். சாகிற வரைக்கும் ஒரே ஜோடி. பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒண்ணு பறக்கவிடணும்.”

“அது வேற பறவை சார், ஆள் உசரம் நிக்கும். இது வருசத்துக்கு ஒரு ஜோடி மாத்தும். இந்த ரெண்டும் ஆணா பொட்டையான்னே எனக்குத் தெரியாது,” என்றான் முனியாண்டி.

“அரே பாய், மெயின்லேண்ட் கெஸ்ட்டு, அவங்களுக்கு என்ன தெரியும்? உடம்பு வெள்ளை, உச்சி சிவப்பு. பஸ், அது போதும். அமுதம் அக்கா, ஜல்தி!”

அவளைப் பணியில் நிரந்தரமாக்கும் கடிதம் மூன்று மாதமாக அவன் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அட்டைக்கு அடியில் அதையும் பிடித்திருந்தான்.

அமுதம் சிவப்பு நகப்பூச்சைத் திறந்தாள். முதல் பூச்சு இறகில் வழுக்கியது, இரண்டாவது ஒட்டியது. மஞ்சள் கண் அவளையே பார்த்தது. பத்து வயதிலிருந்து மீன் குடல் உருவியவள்; எந்த நாற்றத்துக்கும் முகம் சுளித்ததில்லை. வட்டம் பிசிறில்லாமல் அமைந்திருப்பதைக் கண்டபோதுதான் குமட்டியது.

அவளை முந்திக்கொண்டு கொக்கு கக்கியது. பாதி செரித்த தவளையும் வெட்டுக்கிளிக் கால்களும் அட்டையில் விழுந்து, கடிதத்துக்கும் வழிந்தன.

“சீச்சீ! நேத்தே பிடிச்சுப் பட்டினி போட்டிருக்கணும்.” கௌதம் கடிதத்தை டிஷ்யூவால் துடைத்தான். நனையாத அடிப்பகுதியில் கையெழுத்திட்டு நீட்டினான். “இந்தாங்க. அடுத்ததுக்கும் அடிச்சிடுங்க. நான் வேற கார்டு பிரிண்ட் எடுத்துட்டு வர்றேன்.”

“இதைப் பாத்து ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலியா சார்?” என்றாள் அமுதம்.

“கழுவினா போயிடும், அக்கா.”

அவன் போனான். ஓரம் பழுத்த மஞ்சளாக ஈரமேறிய கடிதத்தை அமுதம் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். பெயர் சரியாக இருந்தது. கவிழ்த்து வைத்தாள்.

“அடுத்ததை எடுக்கட்டுமாக்கா?”

“இதையே பிடி. கண்ணைப் பொத்திக்கோ.”

பூச்சு நீக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து உச்சியில் ஒற்றினாள். சிவப்பு போகவில்லை. கரைந்து, இளகி, வெள்ளைக் கழுத்தின் வழியே மெதுவாக முனியாண்டியின் விரல்களுக்குள் இறங்கியது.